முப்பத்தெட்டு பிறந்த கதை

அட்டைப்பெட்டியின் மேல் ‘.38 ஸ்பெஷல்’ என்று அச்சடித்திருக்கும். ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்தால் அதில் முப்பத்தெட்டு பங்கு என்று பொருள். பள்ளி ஆய்வகத்தில் பிடித்துப் பழகிய வெர்னியர் காலிப்பரை எடுத்து, தோட்டாவின் முனையில் இருக்கும் ஈயக்குண்டை அளந்தால் .357 அல்லது .358 வருகிறது. துப்பாக்கிக் குழலும் ஏறக்குறைய அதே அளவுதான். அப்படியானால் முப்பத்தெட்டு எங்கே? பித்தளைக் கூட்டின் வெளிப்புறத்தை அளந்து பாருங்கள்: .379. அங்கேதான் ஒளிந்திருக்கிறது. குடியிருப்பவரின் பெயரைக் கேட்டால் வீட்டின் அகலத்தைச் சொல்வது போல இருக்கிறது, இல்லையா? ஆனால் பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் குண்டும் அதே பருமனில்தான் இருந்தது.

ஒரு சின்ன விஷயம். ‘உடலில் இரண்டு தோட்டாக்கள் பாய்ந்தன’ என்று செய்திகளில் எழுதுகிறோம். பாய்வது குண்டு. குண்டு, வெடிமருந்து, தட்டினால் தீப்பொறி தரும் பொட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்திருக்கும் பித்தளைக் கூட்டோடு சேர்ந்த முழுப்பொருள்தான் தோட்டா. ரிவால்வரில் சுட்ட பிறகு கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடும். இந்தக் கதை அந்தக் கூட்டைப் பற்றியது.

கூடே இல்லாத காலத்திலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் சாமுவேல் கோல்ட் செய்து விற்ற 1851 ‘நேவி’ ரிவால்வரின் சுழல் உருளையில் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாக மருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை வைத்து நெம்புகோலால் இடித்து, பின்னால் ‘கேப்’ எனும் பொட்டைச் செருக வேண்டும். நம்மூர் நாட்டுத் துப்பாக்கி கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். அதன் குழல் .36 என்று பெயர் பெற்றது. அது உள்ளே வரிப்பள்ளம் வெட்டுவதற்கு முந்தைய துளையின் அளவு. பள்ளத்தின் அடிவரை அளந்தால் .375-ஐத் தொடும், சிலவற்றில் அதையும் தாண்டும். குண்டு அந்தப் பள்ளத்தை நிரப்பியாக வேண்டும் என்பதால் அதுவும் அந்தப் பருமன்.

உருளையின் அறைகளைப் பின்பக்கமும் திறந்தபடி துளைத்தால் உலோகத் தோட்டாவை அப்படியே செருகிவிடலாம். சொன்னால் எளிது. ஆனால் அதற்கான காப்புரிமையை 1855 ஏப்ரல் 3 அன்று ரோலின் வைட் என்பவர் வாங்கிவிட்டார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தார் அவரிடம் உரிமை பெற்றார்கள். ரிவால்வருக்கு 25 சென்ட் கூலி. யாராவது திருடினால் வழக்குச் செலவு மட்டும் வைட்டின் தலையில். கூலியில் பெரும்பங்கு வக்கீல்களுக்கே போயிற்று. 1869-ல் காப்புரிமை காலாவதியானது. நீட்டிக்கக் கேட்டார், நாடாளுமன்றம் இசைந்தும் குடியரசுத் தலைவர் கிராண்ட் 1870-ல் மறுத்துவிட்டார். பாவம் வைட்.

கோல்ட் நிறுவனம் அந்தக் காப்புரிமை முடியத்தான் காத்திருந்தது. கையில் பழைய பாகங்கள் ஏராளம். தூக்கி எறிய மனமில்லாமல், உருளையின் பின்பகுதியை வெட்டிவிட்டு, அறைகளை முன்பின் ஊடுருவத் துளைத்து, பின்னால் ஒரு தகட்டைப் பொருத்தி, 1870-களின் தொடக்கத்தில் தோட்டாத் துப்பாக்கிகளாக மாற்றி விற்றது. குழல் பழைய நேவிக் குழல்தான்.

முப்பத்தெட்டு பிறந்த இடம் இது. குழலை நிரப்ப குண்டு .375 பருமன் வேண்டும். அறையோ மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத் துளை. கூடும் அதில் அடங்க வேண்டும், குண்டும் அடங்க வேண்டும். எனவே இரண்டுக்கும் வெளிப்பருமன் ஏறக்குறைய ஒன்று. அப்புறம் குண்டு கூட்டுக்குள் எப்படி நுழையும்? குண்டின் அடிப்பகுதியை மட்டும் பாட்டில் தக்கை போல ஒல்லியாக்கி, அந்த ஒல்லிப் பகுதியைக் கூட்டின் வாயில் செருகினார்கள். என்.சி.சி. முகாமில் .22 ரைபிள் சுட்டவர்கள் இந்த அமைப்பைக் கையில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தோட்டா இன்றும் இப்படித்தான்.

குறை ஒன்றே ஒன்று: கொழுப்பு. குழலில் ஈயம் ஒட்டாமலிருக்கக் குண்டின்மேல் கொழுப்போ மெழுகோ தடவ வேண்டும். குண்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றதால் அந்தப் பிசுக்கில் தூசியும் சட்டைப்பை நூலும் ஒட்டின. (தோட்டாவில் தடவிய கொழுப்பு நம் நாட்டில் 1857-ல் என்ன செய்தது என்று சொல்ல வேண்டியதில்லை.) கொழுப்பை உள்ளே ஒளிக்க வேண்டுமானால் குண்டே கூட்டுக்குள் இறங்க வேண்டும். இறங்கியது. கூட்டுச் சுவரின் தடிமன் அளவுக்கு இளைத்து .357 ஆயிற்று. கூட்டின் பருமன் மாறவில்லை, பெட்டிமேல் இருந்த பெயரும் மாறவில்லை. 19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் வந்த .38 ஸ்பெஷல், பிறக்கும்போதே இந்த இளைத்த குண்டோடு வந்தது.

இனி இன்றைய தலைவலி. அமெரிக்கச் சட்டப்படி 1898 வரை செய்த துப்பாக்கி பழம்பொருள். அங்கே சிலர் 1870-களின் கோல்ட்டை வாங்கி, தோட்டாவைத் தாங்களே கெட்டிக்கிறார்கள். (நம் நாட்டில் 1959 படைக்கலச் சட்டப்படி உரிமமின்றி இதைச் செய்ய முடியாது.) சுடும்போது பித்தளை உப்பி அறைச்சுவரோடு ஒட்டும், அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்கும், முழுதாகச் சுருங்காது. மறுபடி பயன்படுத்த அதை ஓர் எஃகு அச்சுக்குள் தள்ளி நெருக்குகிறார்கள். கடையில் கிடைக்கும் ‘.38’ அச்சு, .357 குண்டை இறுகப் பிடிக்கும் அளவுக்குக் கூட்டின் வாயை ஒடுக்கிவிடுகிறது. பழைய குண்டின் அடிப்பகுதி அதைவிடத் தடித்திருந்தால் உள்ளே போகாது. அடித்து இறக்கினால் வாய் ஈயத்தைச் சீவிவிடும். சுடச் சுட உப்புவதும் அச்சில் ஒடுங்குவதுமாக இருந்தால் பித்தளை இறுகி, வாயோரம் விரிசல் விடும். குடம் அடிக்கும் கன்னார் நடுநடுவே நெருப்பில் காட்டி இளக்குவதும் இதனால்தான். சரி, புதுக் குண்டையே போட்டால்? .375 குழலில் .357 குண்டு வரியைப் பிடிக்காமல் தடுமாறிப் போய் இலக்கு அட்டையில் பக்கவாட்டாக விழுகிறது. அடிக்குழிவான குண்டு மட்டும், பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் பாவாடை போல விரிந்து ஓரளவு தேறுகிறது.

அச்சைத் திருகித் திருகிப் பார்ப்பது வீண். என்னைக் கேட்டால் அச்சிடம் குற்றமே இல்லை. தனக்குச் சொன்ன முப்பத்தெட்டைச் சரியாகத்தான் செய்கிறது. சொன்னது வேறொரு முப்பத்தெட்டு. விவரம் தெரிந்தவர்கள் முதலில் மிருதுவான ஓர் ஈயத்துண்டை மரக்கோலால் குழலுக்குள் தள்ளி வெளியே எடுத்து அளக்கிறார்கள். அறைகளையும் அளக்கிறார்கள். அந்த எண்ணுக்கு ஏற்ற குண்டு வார்ப்பையும் அச்சையும் அதன்பிறகே தேடுகிறார்கள். கருமருந்துக் காலத்து இரும்பு என்பதால் கருமருந்தை விட்டு நகர்வதும் இல்லை.

1935-ல் .38 ஸ்பெஷல் கூட்டையே எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்குச் சற்று மேல் நீட்டி, மருந்தின் வேகத்தைக் கூட்டி ஒரு புதிய தோட்டா வந்தது. பழைய ரிவால்வர்களில் நுழைந்துவிடக் கூடாது என்றுதான் அந்த நீளம். அந்தப் புதிய தோட்டாவுக்குத்தான் குண்டின் உண்மையான பருமனையே பெயராக வைத்தார்கள்: .357 மேக்னம். அதற்கான ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டால் இன்றும் தடையில்லாமல் உள்ளே போகும்.