காணாத சண்டையின் தீர்ப்பு

கொட்டாஞ்சேனையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் எங்கள் பழைய வழக்கொன்று இன்னும் முடியாமல் கிடக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து நான் அங்கு போகும்போதெல்லாம் பள்ளித் தோழர் ஒருவர் அதை மீண்டும் விசாரணைக்கு எடுப்பார். முஹம்மத் அலியும் ரொக்கி மார்சியானோவும் மோதியிருந்தால் வென்றிருப்பவர் யார்? அவர் கத்தோலிக்கர், இத்தாலிய வம்சத்து மார்சியானோவின் பக்கம். நான் எவர் பக்கம் என்று இச்சஞ்சிகையின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் இருவருமே அவர்களின் சண்டையை நடந்தபோது கண்டவர்களல்லர். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தான். அதற்குள் அலியின் வெற்றிகள் எல்லாம் முடிந்துவிட்டன. பத்திரிகைச் செய்திகளைக் கொண்டே எங்கள் வீரர்களை மனதுக்குள் வளர்த்துக்கொண்டோம்.

இந்த வழக்கைத் தீர்க்க அமெரிக்காவில் ஒருவர் கணனியை நாடினார். மறி வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர் 1967இல் பல காலத்து வீரர்களைக் கணனி மூலம் மோதவிட்டார். இறுதியில் மார்சியானோ வென்றார். அலியோ இடையிலேயே பழைய வீரர் ஜிம் ஜெப்ரிஸிடம் தோற்றதாகச் சொல்லப்பட்டது. அலி 10 இலட்சம் டொலர் கேட்டு மானநட்ட வழக்குப் போட்டார். 10,000 டொலருடனும், மார்சியானோவோடு ஒரு படத்தில் நடிக்கும் உடன்பாட்டுடனும் அது முடிந்தது.

1969இல் மியாமியில் இருவரும் கமெராவின் முன் நின்றனர். 49 போட்டிகளில் 49ஐயும் வென்று 1956இல் ஓய்வுபெற்ற மார்சியானோவுக்கு அப்போது 45 வயது. உடல் எடையைக் குறைத்து, தலையில் பொய்முடி வைத்து வந்திருந்தார். அலிக்கு 27 வயது. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டமும் அனுமதிப்பத்திரமும் பறிக்கப்பட்டு, ஐந்தாண்டுச் சிறைத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டில் இருந்தார். ஒரு முடிவல்ல, பல முடிவுகள் படமாக்கப்பட்டன. எந்த முடிவு திரைக்கு வரும் என்பதை அறியாமலே மார்சியானோ 1969 ஓகஸ்ட் 31இல் விமான விபத்தில் இறந்தார்.

1970 ஜனவரி 20இல் அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ 13ஆம் சுற்றில் அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவில் காட்டப்பட்ட பிரதியிலோ மார்சியானோவின் முகக் காயங்களால் அலி வென்றார். ஒரே இரு மனிதர்கள், இரண்டு தீர்ப்புகள். கணனியும் சபை பார்த்துத்தான் பேசியது. 1964இல் அவர் ஏற்ற பெயரை உச்சரிக்கவே மறுத்தவர்கள் பலர் இருந்த நாட்டில், அவரைத் திரையில் விழவைப்பது இலகுவாயிற்று.

ஆனால் நம் சபையும் நடுநிலையானதா? மார்க்கத்தை ஒருபுறம் வைத்து அளந்து பார்ப்போம். அலியின் உயரம் 6 அடி 3 அங்குலம், கைவீச்சு 78 அங்குலம். மார்சியானோவுக்குக் கைவீச்சு பத்து அங்குலம் குறைவு. தோலும் எளிதில் கிழியும். 1954இல் எஸார்ட் சார்ள்ஸ் அவருடைய மூக்கைப் பிளந்தார். 1966இல் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே சுற்றில் முடித்த அலியின் கால்களை அவரால் துரத்திப் பிடித்திருக்க இயலாது என்பதே என் முடிவு.

தோழர் சொல்வதும் பொய்யல்ல. 1952இல் வோல்கொட்டிடம் 12 சுற்றுகள் புள்ளிகளில் பின்தங்கியிருந்த மார்சியானோ, 13ஆம் சுற்றில் ஒரே வலக்கைக் குத்தால் பட்டத்தை வென்றார். குனிந்து நெருங்கி வரும் குள்ளமான வீரர் அலிக்குத் தொல்லை என்பதை 1971 மார்ச்சில் ஜோ பிரேஸியர் காட்டினார்.

அப்படியானால் எந்த அலி? இதுவே எங்கள் வழக்கின் முடிச்சு. 1967 மார்ச் முதல் 1970 ஒக்டோபர் வரை, 25 வயதிலிருந்து 28 வரை, அவர் ஒரு போட்டியும் ஆடவில்லை. ஒரு வீரனின் உச்சப் பருவம் அது. 1971 ஜூன் 28இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவரது தண்டனையை நீக்கியது. அந்த ஆண்டுகளை அதனால் திருப்பித்தர முடியவில்லை. நாம் காணாமற்போன பெரிய சண்டை மார்சியானோவுடனானது அல்ல. அந்த மூன்றரை ஆண்டுகளில் அலி ஆடியிருக்க வேண்டியவை. நமது பெருமையும் அவர் யாரை வீழ்த்தியிருப்பார் என்பதில் இல்லை. எதை இழக்கத் துணிந்தார் என்பதில் இருக்கிறது.

கடைசியாகப் போனபோது இதைச் சொன்னேன். தோழர் சற்று யோசித்தார்.

"1971இல என்டா மார்சியானோ," என்றார். "1966இல என்டா நான் வழக்குப் பேச வரல்ல மச்சான்."

அன்று தேத்தண்ணிக் காசை நான் கொடுத்தேன்.