அரைநாள் ஓய்வும் ஆடுகளமும்

மன்னர் ஆட்சி, போர், உடன்படிக்கை என்பனவே வரலாறு எனக் கருதும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. பொதுமக்கள் தம் ஓய்வு நேரத்தை எவ்வாறு கழித்தனர் என்னும் வினா பிற்காலத்திலேயே வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பெற்றது. இவ்வினா சிறியதன்று. கூலிக்கு உழைப்பவனின் வேலைநேரம் அவன் பிறர்க்கு விற்றுவிட்ட நேரம். எஞ்சிய நேரமே அவனுக்கு உரியது. அந்நேரம் எவ்வளவு, அதனை வரையறுத்தவர் யாவர், அஃது எவர்க்குக் கிடைத்தது, எவர்க்கு மறுக்கப்பட்டது என்பவற்றை ஆராயின் ஒரு சமுதாயத்தின் உள்ளமைப்பு நன்கு புலனாகும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே உதைபந்தாட்டம் வளர்ந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் அந்நாட்டு உழவரும் கைவினைஞரும் கடிகாரத்துக்கு அடங்கி உழைத்தாரல்லர். விதைப்பும் அறுவடையும் வேலைக்காலத்தை வகுத்தன; திருநாள்களும் சந்தைகளும் ஓய்வுக்காலத்தை வகுத்தன. வீட்டிலிருந்தே தறி நெய்தோர் வாரத்தின் முற்பகுதியில் மெல்ல உழைத்துப் பிற்பகுதியில் விரைந்து உழைப்பர். ஞாயிற்றுக்கிழமை ஓய்வோடு திங்கட்கிழமையையும் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் கைவினைஞரிடையே வேரூன்றியிருந்தது. திருநாள்களின் வரிசையில் வைத்து அதனைப் ‘புனித திங்கள்’ என வேடிக்கையாக அழைத்தனர். கிறித்தவரின் தவக்காலம் தொடங்குவதற்கு முதல்நாளாகிய செவ்வாய்க்கிழமையில் ஊரே இரு கூறாகப் பிரிந்து பந்தாடும் வழக்கமும் பல இடங்களில் இருந்தது. ஆடுவோர் தொகைக்கு வரம்பில்லை. தெருவும் வயலும் ஆறுமே ஆடுகளம். டார்பி நகரில் நிகழ்ந்த ஆட்டம் இவற்றுட் பெயர்பெற்றது.

நீராவி இயந்திரம் இந்நிலையை மாற்றியது. இயந்திரம் ஓடும்வரை தொழிலாளி நிற்றல் வேண்டும். திங்கட்கிழமை வாராதவன் அபராதம் செலுத்தவோ வேலையை இழக்கவோ நேர்ந்தது. திருநாள் விடுமுறைகளும் சுருங்கின. இங்கிலாந்து வங்கி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 33 திருநாள்களில் மூடப்பட்டிருந்தது. 1834இல் அவை நான்காகக் குறைக்கப்பட்டன. நேரம் குறைந்தது போலவே இடமும் குறைந்தது. பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியார் உடைமையாயின. 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், வழிச்செல்வோர்க்கு இடையூறாகத் தெருவிற் பந்தாடுவோர்க்கு 40 சிலிங் வரை தண்டம் விதிக்க இடமளித்தது. டார்பியின் பழைய ஆட்டத்தை ஒடுக்குவதற்கு 1846இல் படைவீரரும் வரவழைக்கப்பட்டனர். சில ஆண்டுகளில் அவ்வாட்டம் மறைந்தது. அந்நகரத்து ஆலையதிபர் யோசேப்பு ஸ்ட்ரட் என்பார் 1840இல் மக்களுக்கு ஒரு பூங்காவை அளித்திருந்தார். ஆயின் அது மரஞ்செடிகளைக் கண்டு அமைதியாக உலாவுதற்கு அமைந்த இடமேயன்றி ஓடியாடுதற்கு உரியதன்று.

இழந்த நேரத்தின் ஒரு பகுதியேனும் மீண்டு வந்தது சட்டத்தின் வாயிலாகவே. ஆலைத் தொழிலாளர் பல்லாண்டு நடத்திய கிளர்ச்சியின் பயனாக 1847இல் பத்துமணிநேரச் சட்டம் நிறைவேறியது. நெசவாலைகளில் வேலைசெய்த பெண்களும் இளைஞரும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைத்தல் ஆகாது என அது விதித்தது. ஆலையதிபர் சிலர் வேலையாட்களை மாற்றி மாற்றி அமர்த்தி அச்சட்டத்தை ஏய்க்க முயன்றமையால் 1850இல் மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது. வார நாள்களில் வேலைநேரத்தை அரைமணி கூட்டிய அச்சட்டம், சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வேலை நிறுத்தப்படல் வேண்டும் என்றும் விதித்தது. வளர்ந்த ஆடவரைச் சட்டம் நேரே குறிப்பிடவில்லை. எனினும் பெண்களும் இளைஞரும் வெளியேறியபின் ஆலையை ஓட்டுதல் இயலாதாகையால் ஆடவரும் அவ்வோய்வைப் பெற்றனர். காலப்போக்கில் பிற தொழில்களுக்கும் சனிக்கிழமை அரைநாள் ஓய்வு பரவியது.

ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு உரியதாகக் கருதப்பட்டமையால் அன்று விளையாடுதல் தகாது என்னும் எண்ணம் வலுவாக இருந்தது. எனவே சனிக்கிழமைப் பிற்பகலே விளையாட்டுக்குரிய வேளையாயிற்று. எல்லாத் தொழிலாளர்க்கும் அரைநாள் ஓய்வு ஒரே நாளில் வாய்க்கவில்லை என்பதற்குச் செபீல்ட் நகரத்துக் கழகமொன்றின் பெயரே சான்று. புதன்கிழமை அரைநாள் ஓய்வு பெற்றோர் 1820இல் ஒரு கிறிக்கெற் கழகத்தை நிறுவி அதற்குப் ‘புதன்’ என்றே பெயரிட்டனர். அக்கழகம் 1867இல் உதைபந்தாட்டத்தையும் மேற்கொண்டது. பெயரோ இன்றும் மாறவில்லை.

ஆட்டத்தின் விதிகளை எழுதியோர் வேறு வகுப்பினர். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற உயர்தரப் பாடசாலைகளில் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. அவற்றின் பழைய மாணவர் ஒன்றுகூடி ஆடுதற்குப் பொது விதிகள் தேவைப்பட்டன. 1863இல் இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் நிறுவப்பட்டது. அது நடத்திய வெற்றிக்கிண்ணப் போட்டியின் முதல் இறுதி ஆட்டத்தை 1872இல் ஏறத்தாழ 2,000 பேரே கண்டனர். முதற் பத்தாண்டுகளில் அக்கிண்ணம் பாடசாலைப் பழைய மாணவர், படை அலுவலர் முதலியோர் கையிலேயே இருந்தது.

1883இல் இந்நிலை மாறியது. லங்காஷயர் ஆலைநகராகிய பிளாக்பேணிலிருந்து வந்த ஒலிம்பிக் கழகம், முந்திய ஆண்டு கிண்ணத்தை வென்றிருந்த ஈற்றன் பழைய மாணவரை 2–1 என்ற கணக்கில் வென்றது. வென்றோருள் நெசவாளரும் இரும்பாலைத் தொழிலாளரும் இருந்தனர். வெற்றியைத் தந்த பந்தை அடித்தவர் ஒரு நூற்பாலைத் தொழிலாளி. அதன்பின் பாடசாலைப் பழைய மாணவர் கழகம் எதுவும் இறுதி ஆட்டத்தை எட்டவில்லை.

இவ்வெற்றி ஒரு பெரும் பிணக்கை வெளிப்படுத்தியது. விளையாட்டுக்குப் பணம் பெறுதல் இழிவு எனப் பெருங்குடியினர் கருதினர். பயிற்சிக்கும் பயணத்துக்குமாக ஒருநாட் கூலியை இழந்தால் உணவுக்கே இடர்ப்படும் தொழிலாளிக்கு அக்கொள்கை கதவடைப்பாகவே அமைந்தது. உதைபந்தாட்டச் சங்கம் 1885இல் ஊதியம் பெறும் ஆட்டக்காரரை ஏற்றுக்கொண்டது. 1888இல் வடக்கையும் நடுநாட்டையும் சேர்ந்த பன்னிரண்டு கழகங்கள் கூட்டிணைப்பொன்றை அமைத்தன. தெருவில் ஆடிய பந்தாட்டத்தைப் படைகொண்டு ஒடுக்கிய டார்பியின் கழகமும் அவற்றுள் ஒன்றாயிற்று. றகர் ஆட்டத்திலோ, இழந்த கூலிக்கு ஈடளிக்க மேலோர் இணங்காமையால் 1895இல் வடபகுதிக் கழகங்கள் பிரிந்து தனிச்சங்கம் கண்டன.

ஆயினும் சனிக்கிழமை ஓய்வு எல்லார்க்கும் ஒரே தன்மையதாய் இருந்ததில்லை. 1850ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் பெயரைச் சொல்லியே இயற்றப்பட்டது. அதனால் விளைந்த ஆடுகளமோ ஆடவர்க்கே உரியதாயிற்று. ஆலையை விட்டு வந்த பெண்ணை வீட்டுவேலை எதிர்நோக்கியிருந்தது. முதலாம் உலகப்போரின்போது பிறெஸ்டன் நகர்த் தொழிற்சாலைப் பெண்கள் 1917இல் ஒரு குழுவை அமைத்தனர். 1920 டிசெம்பர் 26ஆம் நாள் லிவர்பூலில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். ஓராண்டு கழியுமுன்னரே, 1921 டிசெம்பரில், உதைபந்தாட்டச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மறுத்தது. அத்தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்றன. நேரம் கிடைத்தபோதும் களத்தை மறுப்பின் விளையாட்டு இல்லையாகும் என்பதை இது காட்டுகின்றது.

இலங்கைக்கு இவ்வாட்டங்கள் ஆலைவாயிலின் வழியாக அன்றி ஆங்கிலக் கல்லூரிகளின் வழியாகவே பெரும்பாலும் வந்தன. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆடும் கிறிக்கெற் ஆட்டத் தொடர் 1904இல் தொடங்கியது. ஊரில் நிலவொளியிலே கிளித்தட்டு மறித்த பிள்ளைகளுக்கு வெள்ளுடையும் மட்டையும் கல்லூரி வாயிலைக் கடந்தபின்னரே கிட்டின. உழைப்போரின் ஓய்வு இங்கும் சட்டத்தினாலேயே உறுதிபெற்றது. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைசெய்வோர்க்கு வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையை 1954ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியது.

மாலை மணி ஒலித்ததும் மைதானத்துக்கு ஓடும் மாணவன் தன் விளையாட்டு நேரத்தை இயற்கையாக அமைந்ததொன்றாகவே எண்ணுவான். அஃது அவ்வாறு அமைந்ததன்று. பெயரறியா உழைப்பாளர் பலர் ஒவ்வொரு மணியாகக் கேட்டுப் பெற்ற வரலாறு அதற்குப் பின்னே உண்டு. மணி ஒலித்த பின்னும் மைதானத்துக்கு வர இயலாத பிள்ளைகளும் உளர் என்பதை உணர்ந்து, அவர்க்கும் நேரத்தையும் இடத்தையும் தேடிக் கொடுத்தல் அவ்வரலாற்றைக் கற்றோரின் கடனாகும்.