கூடாரமும் கிருகமே

மும்பையின் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தாணே கடற்கழியைக் கடந்து சான்பாடாவின் அடுக்குமாடிகளில் குடியேறிய தமிழர்களுக்கு, இரும்புக் கதவும் காவலாளியும் உள்ள தங்கள் இருப்பிடம் வீடுதானா என்ற ஐயம் ஒருநாளும் எழுந்திராது. ஆனால் அவர்கள் விட்டுவந்த மும்பை மாநகரத்தின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கட்டி, அதன் கீழ் மனைவி மக்களோடு உறங்கும் ஏழையின் இருப்பிடமும் வீடே என்று நம் தேசத்துக் குற்றவியல் சட்டம் 1860-லேயே ஒப்புக்கொண்டுவிட்டதைப் பலர் அறியார்.

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்துக்கு இத்தகைய விசாலமான பார்வை இருந்ததில்லை. இரவு வேளையில் பிறனுடைய வாசஸ்தலத்தை உடைத்துப் பெருங்குற்றம் புரியும் நோக்கத்தோடு உட்புகுவதையே அது தனிப்பெருங் குற்றமாகக் கருதியது. சந்தையிலும் திருவிழாவிலும் அடித்த கூடாரத்தில் அதன் உடையவன் இரவு தங்கியிருந்தாலுங்கூட, அதில் நுழைந்தவன்மீது அக்குற்றம் சாராது என்று பதினெட்டாம் நூற்றாண்டில் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் எழுதிவைத்தார். மெக்காலேயின் தலைமையில் 1837-ல் முதல் வரைவு கண்டு, 1860-ல் நிறைவேறி, 1862 ஜனவரி முதல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டமோ, தன் 442-ஆம் பிரிவில், மனிதர் வாசம் செய்யும் கட்டடம், கூடாரம், மரக்கலம் ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து, வழிபாட்டுக்குரிய கட்டடத்தையும் பொருள்களைக் காத்து வைக்கும் கட்டடத்தையும் அவற்றோடு சேர்த்தது. அத்துமீறுபவனுடைய தேகத்தின் ஏதேனும் ஒரு பாகம் உள்ளே நுழைந்தாலே பிரவேசம் நிறைவேறிவிடும். சுவரில் துளையிட்டு அதன் வழியே கையை நீட்டுபவனை 445-ஆம் பிரிவு உதாரணமாகக் காட்டியதைப் படிக்கும்போது, கன்னக்கோல் பிடித்த நம் கிராமத்துக் கள்வனே கண்முன் நிற்கிறான். வீட்டோடு சேர்ந்து அனுபவிக்கப்பட்டு, நேரே உள்வழித் தொடர்பும் உள்ள புறக்கட்டும் வீட்டின் அங்கமே என்று அப்பிரிவு விளக்கியது. சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறையென்றால், வாசஸ்தலத்தில் செய்த திருட்டுக்கு ஏழாண்டு வரை. இரவில் திருடும் நோக்கத்தோடு வீட்டை உடைத்துப் புகுந்தால் பதினான்கு ஆண்டு வரை.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது, இச்சட்டம் பட்டாவைக் கேட்டதில்லை என்பதே. அத்துமீறலுக்கு அது நோக்கியது நில உரிமையை அல்ல, பிறனுடைய சுவாதீனத்தையே. நிலம் யாருடையதாயினும், அங்கே வாழ்பவன் திருடனுக்கு எதிராக வீட்டுக்காரனே.

இனி 1981-க்கு வருவோம். சேலத்தில் வறட்சியால் வேலையிழந்து, 1961-ல் பம்பாய்க்கு வந்த நிலமற்ற தொழிலாளி ஒருவர், மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்ட ஒரு மறைவிடத்துக்காகச் சேரித் தாதாவிடம் 2,500 ரூபாய் பறிகொடுத்து, மனைவியோடும் மூன்று பெண்களோடும் அதில் வாழ்ந்துவந்தார். 1981 ஜூலை 23 அன்று மாநகராட்சி அதை இடித்து, குடும்பத்தைச் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றியது. அவர் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையிலேயே ஒதுங்கினார். 1888-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தின் 314-ஆம் பிரிவு, முன்னறிவிப்பில்லாமலே ஆக்கிரமிப்புகளை அகற்ற ஆணையருக்கு அதிகாரம் அளித்திருந்தது. அவ்வதிகாரத்தை எதிர்த்து, ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பெயர்பெற்ற வழக்கின் மனுதாரர்களுள் அத்தொழிலாளியும் ஒருவர். 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி சந்திரசூட் வாசித்த தீர்ப்பு, நிர்ப்பந்தத்தால் நடைபாதையில் ஒதுங்கியவரைக் குற்றவியல் அத்துமீறலுக்கு உட்பட்டவராகக் கருத மறுத்து, ஜீவனோபாயமும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று அறிவித்தது. எனினும் 314-ஆம் பிரிவு செல்லும் என்றும், அக்டோபர் 31-க்குப் பின் அகற்றலாம் என்றும் அனுமதித்துவிட்டது.

அத்தீர்ப்பின் முற்பகுதி மகத்தானது. பிற்பகுதி, என் அபிப்பிராயத்தில், நியாயத்துக்குக் குறைவானது. திருடன் நுழைந்தால் வீடாகும் அதே கித்தான் கூரை, மாநகராட்சி ஊழியர் நுழைந்தால் வெறும் ஆக்கிரமிப்பாகிவிடுவது எந்த தர்மத்துக்கும் பொருந்தாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவிலும் கட்டடம், கூடாரம், மரக்கலம் என்ற வரிசை அப்படியே நிற்கிறது; இடிப்பு ஆணையில் கையெழுத்திடும் ஒவ்வோர் அதிகாரியும் அதற்கு முன் அப்பிரிவை ஒருமுறை வாசிக்க வேண்டும்.