ஓட்டிக்கொண்டே வர வேண்டும்

டிராக் ரேஸ் என்பது சில நொடி விவகாரம். விளக்கு பச்சையானதும் இரண்டு கார்கள் கால் மைலை, அதாவது 402 மீட்டரை, நேர்கோட்டில் பாய்ந்து கடக்கும், அவ்வளவுதான். இதில் தாக்குப்பிடிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். 2005இல் அமெரிக்காவின் ‘ஹாட் ராட்’ இதழுக்காக டேவிட் ஃப்ரைபர்கர் தொடங்கிய ‘டிராக் வீக்’ இதற்கு ஓர் எளிய விதியால் விடை சொன்னது. ஐந்து நாள் பந்தயம். நாளுக்கு ஒரு நேரச்சீட்டு, அதாவது களத்தில் எடுத்த நேரம் பதிந்த சீட்டு. ஒரு களத்திலிருந்து அடுத்த களத்துக்குப் பந்தயக் காரையே பொதுச்சாலையில் ஓட்டிப் போக வேண்டும். வாரம் முடிவதற்குள் சுமார் 1,000 மைல், ஏறக்குறைய 1,600 கி.மீ., ஓடியாக வேண்டும். பின்னால் உதவி வண்டி வரக் கூடாது; கருவிகள், உதிரிபாகங்கள், மாற்று டயர்கள் எல்லாம் காருக்குள்ளோ, அந்தக் காரே இழுக்கும் சின்ன டிரெய்லரிலோ வர வேண்டும். ஐந்து நாள் நேரங்களின் சராசரிதான் முடிவு. இதைப் புதுமை என்று கொண்டாடுகிறார்கள். டிராக் ரேஸ் தொலைத்துவிட்ட பழைய நிபந்தனை ஒன்று திரும்பி வந்ததாகவே எனக்குப் படுகிறது. அதன் ஈர்ப்பும் அங்கேதான் இருக்கிறது.

அந்த நிபந்தனை எங்கே பிறந்தது என்று பார்க்க, 1930களின் தெற்குக் கலிஃபோர்னியாவுக்குப் போக வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, தங்கள் கையாலேயே எஞ்சினை மெருகேற்றி, சுமார் 160 கி.மீ. தள்ளியிருந்த மியூராக் வறண்ட ஏரிப் படுகைக்கு ஓட்டிப் போனார்கள். அங்கே மட்கார்டு, ஹெட்லைட், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வேகம் பார்த்தார்கள்; பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு அதே காரில் வீடு திரும்பினார்கள். 1937இல் அங்கிருந்த கிளப்புகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1950இல் சான்டா ஆனா விமான நிலைய ஓடுபாதையில் கட்டணம் வாங்கி நடத்தும் டிராக் பந்தயம் தொடங்கியது. (சென்னைக்கு அருகே சோழவரத்தின் போர்க்கால விமானத் தளம் பந்தயத் தடமானதும் ஏறக்குறைய இதே காலம்தான்.) தெருவில் நடக்கும் பந்தயத்தைப் பாதுகாப்பான களத்துக்குள் கொண்டுவர, ‘ஹாட் ராட்’ ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ் 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். அந்தத் தலைமுறைக்கு வேகம் என்பது, வேலைக்கும் போய்வரும் காரிலிருந்து பிழிந்தெடுத்த வேகம்.

களம் வந்ததும் கார் மாறியது. நேரம் மட்டுமே அளக்கப்பட்டால், நேரத்துக்கு உதவாத எல்லாம் உதிர்ந்துபோவது இயல்பு. ரேடியேட்டர் சிறுத்தது, எஞ்சினின் தண்ணீர்ப் பாதைகளையே சிமென்ட் கலவையால் நிரப்பி இறுக்கினார்கள். 402 மீட்டருக்குள் அது சூடாகிக் கெடப்போவதில்லை. கார் டிரெய்லரில் ஏறியது. 1970இல் ‘புரோ ஸ்டாக்’ பிரிவு வந்தபோது கம்பெனி வார்த்த உடலோடு ஓடும் கார் என்ற எண்ணமே அதன் உயிராக இருந்தது. சில ஆண்டுகளிலேயே அது குழாய்ச் சட்டத்தின் மேல் போர்த்திய தோலாகிவிட்டது. 1980களின் ‘புரோ ஸ்ட்ரீட்’ மோகம் பெயரில் தெருவை வைத்திருந்தது. அகன்ற டயரும் பானெட்டைத் துளைத்து நின்ற சூப்பர்சார்ஜருமாக அந்தக் கார்களில் பல கண்காட்சிப் புல்வெளியிலேயே நின்றன. 1990களில் நாட்டின் அதிவேகத் தெருக் காரைத் தேடிய போட்டிகளுக்கும் இதே கதிதான். உதிரிபாகங்களைப் பட்டியலிட்டுத் ‘தெருக் கார்’ என்பதை வரையறுக்க முயன்ற ஒவ்வொரு விதியையும் ஒரு கெட்டிக்காரன் சுற்றி வந்துவிட்டான். டிராக் வீக்கின் விதியோ நடத்தையைப் பற்றியது: ஓட்டிக்கொண்டு வா. அதைச் சுற்றி வர ஆயிரம் மைல் ஓட்டியாக வேண்டும்.

அந்தச் சாலை என்னென்ன கேட்கிறது என்பது தனி அழகு. செப்டம்பர் வெயிலில் சிவப்பு விளக்கில் காத்திருக்கும்போது எஞ்சின் கொதிக்கக் கூடாது. களத்துக்கென அமைத்த கியர் விகிதத்தோடு மணிக்கணக்கில் நெடுஞ்சாலையில் ஓடினால் எஞ்சின் கதறும். அதனால் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் தேவை. பலர் இரண்டு டேங்க் வைக்கிறார்கள்: ஒன்றில் பந்தய எரிபொருள், ஒன்றில் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோல். டர்போசார்ஜரும் கணினி வழி எரிபொருள் செலுத்தலும் இங்கே கோலோச்சியதற்குக் காரணம் இதுதான்; அழுத்தத்தைக் குறைத்தால் சாது, கூட்டினால் மிருகம். 2014இல் லாரி லார்சனின் செவ்ரோலெட் எஸ்-10 பிக்கப் கால் மைலை 5.95 நொடியில், மணிக்கு 244 மைல் வேகத்தில் கடந்தது. எண்களைவிட எனக்குப் பிடித்தது ஒவ்வொரு மதியமும் வரும் சிக்கல். நல்ல நேரம் ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொரு முறை ஓடினால் மேம்படலாம், கியர்பாக்ஸ் உடையவும் உடையலாம். சீட்டைக் கொடுத்துவிட்டு வெளிச்சத்திலேயே சாலையைப் பிடிப்பதா? அந்த முடிவை யாரும் பணம் கொடுத்து வாங்க முடியாது.

‘சாலைக்கு ஏற்றது’ என்பதே காகிதப் பொய் என்று ஒரு மறுப்பு உண்டு. நம்பர் பிளேட் மாட்டிய, பாராசூட் வைத்த பந்தய வண்டிகள்தானே இவை? உச்சப் பிரிவைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை. அங்கே பணமும் நிறையவே பேசுகிறது. ஆனால் சாலை காகிதம் பார்ப்பதில்லை. சிமென்ட் நிரப்பிய எஞ்சினையும் சின்ன ரேடியேட்டரையும் முதல் மாலையிலேயே அது விசாரித்துவிடும். தெருப் பந்தயத்துக்கு இது தூண்டுகோல் என்பார்கள் சிலர். ஆனால் சாலைப் பகுதிக்கு நேரக் கணக்கே கிடையாது. அங்கே பறப்பதால் ஒரு நொடியும் லாபமில்லை, எஞ்சினைப் பதமாகக் காப்பவனுக்கே அடுத்த நாள் உண்டு. இரவில் உதிரிபாகக் கடை வாசலில் பானெட்டைத் திறந்துவைத்து, போட்டியாளரின் காருக்குக் கீழேயே டார்ச் பிடித்துப் படுத்துக் கிடப்பவர்கள், சாலையில் போட்டி இல்லை என்பதற்குச் சாட்சி. மூன்றாம் நாள் இழுவை வண்டியில் ஏறிய ஆறு நொடிக் காருக்குச் சராசரி கிடையாது. ஐந்து சீட்டோடு வந்து நிற்கும் பதினான்கு நொடிக் காருக்கு உண்டு.