விசைப்பலகையும் மொழியுரிமையும்: பசறையிலிருந்து ஒரு நோக்கு

தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் ஏட்டையும் அச்சையும் பற்றி விரிவாகப் பேசுவர். விசைப்பலகையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும், காரியாலயத்துள் தமிழ் நுழைந்த வாயில் அதுவேயாகும். அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, மலையகத்திற்கு அது உணர்த்துவது யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தட்டச்சுப் பொறி உரோம எழுத்துக்களுக்கென அமைந்த கருவியாகும். உரோம நெடுங்கணக்கில் 26 எழுத்துக்கள், தமிழிலோ 247. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயா சென்று, சிங்கப்பூரில் பணிபுரிந்த ஆர். முத்தையா இச்சிக்கலுக்கு வழி கண்டார். கொம்பு, கால், புள்ளி முதலிய உறுப்புக்கள் பல எழுத்துக்களுக்குப் பொதுவானவை. எனவே எழுத்துக்கு ஒரு விசை என்றன்றி, உறுப்புக்கு ஒரு விசை போதுமாயிற்று. புள்ளிக்கு நகரா விசை அமைந்தது. அதனை அழுத்தினால் புள்ளி பதியும், தாள் நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அப்புள்ளியின் கீழ் வந்தமரும்.

கணினி வந்தபோது சிக்கல் வேறு உருவெடுத்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியீடு வகுத்துக்கொண்டது. இலங்கையில் பெருவழக்குப் பெற்ற பாமினி, உரோம எழுத்துக்களின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்க் கடிதம் பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாகிவிடும். 1991இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றமை இதற்குத் தீர்வாயிற்று. விசைப்பலகையில் மட்டும் ஒருமை ஏற்படவில்லை. தமிழக அரசு 1999இல் ‘தமிழ் 99’ அமைப்பை ஏற்றது. இலங்கையின் 2008ஆம் ஆண்டுத் தர நிர்ணயமோ தட்டச்சு மரபைத் தழுவிய ரெங்கநாதன் அமைப்பை ஏற்றது.

இனி, பசறைக்கு வருவோம். 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பசறை இன்று இருமொழி நிர்வாகத்திற்குரிய பிரதேச செயலாளர் பிரிவுகளுள் ஒன்று. சட்டம் வாயிலைத் திறந்தது உண்மையே. எனினும், உள்ளே நடப்பது என்ன?

கொழுந்து பறித்தே முதுமையடைந்தவர் எம் அம்மாயி. அவரது பெயர் ஓர் ஆவணத்தில் ழகரத்துடனும் மற்றோர் ஆவணத்தில் ளகரத்துடனும் இருந்தமையால் ஊழியர் சேமலாப நிதி பெறுவது தடைப்பட்டது. விளக்கக் கடிதத்தைப் பாமினியில் தட்டெழுதி ஒரு காரியாலயத்திற்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அங்குள்ள கணினியில் அது வாசிக்க இயலாததாய்த் தோன்றவே, ஆங்கிலத்தில் எழுதுமாறு பதில் வந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் ழகர ளகர வேறுபாட்டை எவ்வாறு விளக்குவது? பிழையில் எமக்கும் பங்குண்டு. ஒருங்குறியில் அனுப்பியிருத்தல் வேண்டும். அவ்வாறே மீண்டும் அனுப்பியபின் கடிதம் வாசிக்கப்பட்டது. ஆயினும், அங்கு தமிழ் விசைப்பலகை நிறுவப்படாமையால் பதில் ஆங்கிலத்திலேயே வந்தது. அம்மாயிக்கு அதனை நானே வாசித்துப் பொருள் கூற நேர்ந்தது.

கணினியின் மொழி அமைப்பிற் சென்று தமிழைச் சேர்த்து, விசைப்பலகையைத் தெரிவுசெய்யச் சில நிமிடங்களே தேவை. முத்தையா எதிர்கொண்ட தடை இரும்பினால் ஆனது. இன்றுள்ள தடையோ அசட்டையினால் ஆனது. விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் பகுதியின் வாசிகசாலையிலும் பாடசாலையிலும் ஒரு கணினியையேனும் தமிழில் எழுதவல்லதாக்குவாராயின், சட்டத்தில் உள்ள உரிமை இலிகிதரின் விரல் நுனிக்கு வருதல் கூடும். எமது சங்கம் இப்பணியை மேற்கொள்ளுதல் தகும்.