ஒரே பாண்டத்தில் இரவுணவு



தாய்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. பிள்ளைகள் மக்ரோனியும் பாஸ்தாவும் கேட்கின்றனர். பெரியோரோ இரவிலும் சோறே வேண்டுமென்கின்றனர். கோதுமை நாட்டில் வாழ வந்ததனால் நம் உணவு வழக்கம் அழிந்துபோகுமோ என்னும் அச்சம் இதனுள் மறைந்திருக்கிறது. கிர்க்கி என முன்னர் வழங்கிய கட்கியில் 1869-ஆம் ஆண்டு தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையையும், புனே தண்டுப்பகுதியையும், தேஹு ரோடு படைக்கலக் கிடங்கையும் சார்ந்து தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்க்கு இது புதிய வினாவன்று. இதற்கு விடை காண, மாவைக் கொதிநீரில் இட்டு ஒரே பாண்டத்தில் வேகவைத்து உண்ணும் முறையின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

மக்ரோனி இத்தாலியர்க்கே உரியது என்பதும், அதனைச் சீனத்திலிருந்து மார்க்கோ போலோ கொணர்ந்தார் என்பதும் பலர் கேட்டிருக்கும் செய்திகள். பின்னது வெறுங்கதை. மார்க்கோ போலோ வெனிஸ் நகருக்கு மீண்டது 1295-இல். அதற்கு ஏறத்தாழ 140 ஆண்டுகட்கு முன்னரே, 1154-இல், சிசிலித் தீவின் மன்னன் இரண்டாம் ரோஜருக்காகப் புவியியல் நூல் எழுதிய அராபிய அறிஞர் அல் இத்ரீசி, பலெர்மோ நகரின் அருகிலுள்ள திராபியா என்னும் ஊரில் 'இத்ரியா' என்ற உலர்ந்த மாவிழைகள் மிகுதியாகச் செய்யப்பட்டுக் கப்பலேறிப் பல நாடுகட்கும் சென்றதைக் குறித்துள்ளார். சீனத்தில் லாஜியா என்னுமிடத்தில் கவிழ்ந்து கிடந்த மட்கிண்ணம் ஒன்றினுள், 4,000 ஆண்டுகட்கு முற்பட்ட மாவிழைகள் கண்டெடுக்கப்பட்ட செய்தி 2005-இல் வெளியாயிற்று. அவை தினை வகைகளின் மாவாலானவை என அதனை ஆய்ந்தோர் உரைத்தனர். எனவே இது ஒரு நாட்டார் பிறிதொரு நாட்டாரிடம் கற்ற வித்தை எனக் கொள்ள வேண்டுவதில்லை. தானியத்தை மாவாக்கத் தெரிந்தவிடத்தெல்லாம் அதனைப் பிசைந்து வேகவைக்கவும் மக்கள் அறிந்தனர். நாமும் அரிசி மாவைப் பிழிந்து இடியாப்பமும் சேவையும் செய்தோம்; பிடித்துக் கொழுக்கட்டை செய்தோம். அவர்கள் நீரில் இட்டனர். நாம் பெரும்பாலும் ஆவியில் வைத்தோம்.

மராட்டிய நாட்டிலோ கோதுமை மாவை நேரே பருப்பில் இட்டனர். புனேயின் பழைய பேட்டைகளில் இன்றும் செய்யப்படும் 'சகோல்யா' என்னும் பண்டத்தை நம்மவர் பலர் அண்டை வீட்டில் சுவைத்திருப்பர். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் ஓமமும் சேர்த்துப் பிசைந்த கோதுமை மாவைச் சப்பாத்திபோல் இட்டுச் சாய்சதுரத் துண்டுகளாக வெட்டி, புளியும் வெல்லமும் மசாலையும் சேர்ந்து கொதிக்கும் துவரம்பருப்பில் ஒவ்வொன்றாகப் போட்டு வேகவைப்பர். மேலே நெய் வார்த்து உண்பர். விதர்ப்பம் முதலிய பகுதிகளில் இதற்கு 'வரண்பள்' என்று பெயர். வரண் என்பது பருப்பு, பள் என்பது பழம். குஜராத்தியர் இதனையே 'தால் டோக்ளி' என்பர். ரொட்டி தனியே, பருப்பு தனியே செய்ய நேரமும் விறகும் இல்லாத நாளில், ஒரே அடுப்பில் ஒரே பாண்டத்தில் முடியும் உணவு இது. இத்தாலியரின் பாஸ்தாவுக்கு இதனை உடன்பிறப்பு எனலாம்.

புனே நாட்டுக்கும் காவிரி நாட்டுக்கும் அடுப்பு வழியான உறவு புதிதன்று. புனேயைச் சாகீராகப் பெற்றிருந்த ஷாஜி போன்சலேயின் மைந்தரும், சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் மகனுமாகிய ஏகோஜி 1676 வாக்கில் தஞ்சையில் அரசு நிறுவினார். அவ்வரசு 1855 வரை நிலைத்தது. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜியின் அரண்மனைச் சமையல் முறைகள் 'சரபேந்திர பாக சாஸ்திரம்' என்னும் நூலாகத் தொகுக்கப்பட்டன. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் அதனை அச்சிட்டுள்ளது. அன்று மராட்டியர் தெற்கே வந்தபோது கோதுமையை மறந்துவிடவில்லை. அரிசியை வெறுக்கவும் இல்லை. இன்று தெற்கிலிருந்து புனேக்கு வந்த நமக்கும் அவ்வழியே ஏற்றது.

இனி, கோதுமையைப் பற்றி ஒன்று கூற வேண்டும். எல்லாக் கோதுமையும் கொதிநீரில் வடிவு குலையாமல் நிற்பதில்லை. ரொட்டிக்குரிய மெல்லிய கோதுமை வேறு. டூரம் எனப்படும் கடினக் கோதுமை வேறு. பின்னதன் மணி கண்ணாடிபோல் இறுகியது. அரைத்தால் மாவாகப் பொடிபடாமல் ரவையாக உடையும். அதன் புரதம் வலிய வலைபோல் பின்னி மாப்பொருளைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆதலால்தான் மக்ரோனி வெந்தும் கரைவதில்லை. மகாராஷ்டிரத்தில் 'பன்சி' என்று வழங்கியது இவ்வினமே. இதற்கும் மூத்த இனம் ஒன்றுண்டு. மராட்டியர் 'கப்ளி' என்றும் நாம் 'சம்பா கோதுமை' என்றும் அழைக்கும் நீண்ட செம்மணி அது. பண்டை எகிப்தியர்க்குச் சோறிட்டது அவ்வினக் கோதுமையே. நெல்லைப்போல் உமியோடு ஒட்டியிருப்பதால், குத்தியே அதனை எடுக்க வேண்டும். கோதுமைப் பயிரை அழிக்கும் தண்டுத் துருநோயின் வகைகளைப் பிரித்தறிய அமெரிக்க அறிஞர் ஸ்டாக்மனும் லெவினும் 1922-இல் வகுத்த 12 கோதுமை வகைகளுள் நம் கப்ளியும் ஒன்று என்பது பலர் அறியாத பெருமை.

இத்தகைய கோதுமை நாட்டில், அரிசியே உணவெனக் கொண்ட தமிழர் பட்ட துன்பத்தையும் வரலாறு மறைக்கவில்லை. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டதும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அடுத்த ஆண்டு பம்பாய் முதலிய நகரங்களில் பங்கீட்டு முறை வந்தது. பங்கீட்டு அட்டையுடன் வரிசையில் நின்ற தமிழ்ப் பெண்டிர், அரிசி குறைந்து கோதுமையும் சோளமும் மிகுந்த பையுடன் வீடு திரும்பினர். சப்பாத்தி இடத் தெரியாத கைகள் அன்று பழகிக்கொண்டன. விடுதலைக்குப் பின்னரும் இப்பஞ்சம் நீங்கவில்லை. 1966-இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் உணவுத் தானியம் அயல்நாடுகளிலிருந்து கப்பலில் வந்திறங்கிற்று. அதிற் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை.

இக்காலத்தில் நடந்த முயற்சி ஒன்று நம் பொருளுக்கு மிக நெருங்கியது. மைசூரில் 1950-இல் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில், அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன் தலைமையில், மரவள்ளி மாவு, நிலக்கடலை மாவு, கோதுமை ரவை ஆகியவற்றைக் கலந்து மக்ரோனி எந்திரத்தில் பிழிந்து உணவு ஒன்று ஆக்கினர். அரிசி மணி போன்ற வடிவிலும் அது செய்யப்பட்டது. அரிசிக்குப் பழகிய மக்களுக்குப் பசியையும் போக்கி, கண்ணுக்கும் பழகிய உருவம் தரவேண்டும் என்பது நோக்கம். ஆயின், செயற்கை அரிசி சோற்றின் இடத்தைப் பிடிக்கவில்லை. சோறு எனச் சொல்லிப் பிறிதொன்றைத் தட்டில் இட்டால் நாவு ஒப்புவதில்லை. சகோல்யாவோ எதனைப்போலவும் நடிப்பதில்லை. கோதுமையைக் கோதுமையாகவே வைத்து, பருப்பின் சுவையால் அதனை உறவாக்கிக்கொள்கிறது. மக்ரோனியைத் தமிழ் அடுப்பில் ஏற்றும்போதும் இதுவே நெறியாதல் வேண்டும்.

செய்முறையைக் கூறுவோம். நால்வர்க்கு அரைக் கிண்ணம் துவரம்பருப்பை, மஞ்சள்தூள் சேர்த்து, அடி கனத்த பாண்டத்தில் குழைய வேகவைக்க. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ளது புனே. இங்கு நீர் கொதிப்பது 98 பாகை அளவிலேயே. ஆகவே திறந்த பாண்டத்தில் பருப்பு வேகச் சென்னையைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும், பொறுத்திருக்க. பின் நான்கு கிண்ணம் நீர் வார்த்துக் கொதி வந்ததும் நறுக்கிய காரட், அவரை, உப்பு, சாம்பார்ப் பொடி இட்டு, ஒன்றரைக் கிண்ணம் மக்ரோனியைச் சேர்க்க. அடி பிடியாமல் இடையிடையே கிளற வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மக்ரோனி மெத்தென்றாகும். தக்காளியையும் புளிநீரையும் அதன் பின்னரே சேர்க்க வேண்டும். புளிப்பு முந்தினால் பருப்பும் காயும் இளகத் தாமதமாகும். இறுதியாகத் தாளிப்புக் கரண்டியில் நெய்யைக் காய்ச்சிக் கடுகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி இறக்குக.

இத்தாலியர் மக்ரோனியை மிகுந்த நீரில் வேகவைத்து வடித்துவிடுவர். இங்கோ நீரை அளந்து வைப்பதால், மாவிலிருந்து கசியும் மாப்பொருள் முழுதும் குழம்பிலேயே தங்கி, பொங்கலைப்போல் அதனைக் கெட்டியாக்குகிறது. கஞ்சியை வடித்துக் கொட்டாமல் சமைத்த நம் பாட்டிமார் அறிந்த சிக்கனமே இது. நீரில் கரையும் சத்துகளும் வீணாவதில்லை. கோதுமைப் புரதத்தில் குறைந்த லைசின் என்னும் கூறு பருப்பில் மிகுதி. இரண்டும் கூடும்போது வளரும் பிள்ளைக்கு நிறைவான உணவாகிறது. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் சாம்பாரில் உரிமை பெற்றுவிட்டன. அவற்றை அயலார் என்று யாரும் தள்ளுவதில்லை.

இதில் நம் கடமை ஒன்றும் உண்டு. 1960-களின் இறுதியில் மிகுவிளைச்சல் கோதுமைகள் பரவியபின், நாட்டின் பசி தணிந்தது உண்மை. ஆயினும் கப்ளியும் பன்சியும் வயல்களில் சுருங்கின. அவற்றைக் காக்கும் பணி புனேயிலேயே நடந்து வருகிறது. 1946-இல் இங்குத் தோன்றிய மகாராஷ்டிர விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் வழிவந்த ஆகர்கர் ஆராய்ச்சி நிலையம், டூரம், கப்ளி இனங்களில் புது வகைகளை உண்டாக்கியுள்ளது. அதன் 'எம்.ஏ.சி.எஸ். 4028' என்னும் டூரம் கோதுமை, மானாவாரி நிலத்திலும் விளைவது, புரதம் 14.7 விழுக்காடு கொண்டது. ஆய்வாளர் காத்துத் தரும் விதை உழவர் வயலில் நிலைக்க வேண்டுமாயின், வாங்குவோர் வேண்டும். கடையில் மக்ரோனிப் பொதியை எடுக்கும்போது அது மைதாவா, டூரம் ரவையா என்று பார்த்து வாங்குதலும், கிருஷ்ணைப் பள்ளத்தாக்கில் விளையும் கப்ளி ரவை கிடைத்தால் அதனைக் கேட்டு வாங்குதலும் எளிய செயல்களே.

ஆகவே, மக்ரோனி வேண்டுமென்னும் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. சோறு வேண்டுமென்னும் பெரியவரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. மார்கழிக் குளிரில், வேலை முடிந்து களைத்து வீடு திரும்பும் ஓர் இரவில், பருப்பும் புளியும் பெருங்காயமும் மணக்கும் ஒரு பாண்டத்தை நடுவில் வைத்து இருவரையும் அமர்த்துங்கள். அண்டை வீட்டு மராட்டிய அம்மையார்க்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள். சகோல்யா செய்யும் பக்குவத்தை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் அது நல்ல வாய்ப்பாகும்.