புகையிலைக்கு நீர் இறைத்தவர்கள்

போர்ச்சுக்கீசியரோடு வந்த அமெரிக்கச் செடி புகையிலை. இன்று அது கருப்பசாமி, மதுரைவீரன் படையலில் சுருட்டு. வெற்றிலைத் தட்டில் பாக்குக்குத் துணை.

நெருப்பெரிச்சலில் இப்போது பனியன் கம்பெனிகள். பழைய கோவை மாவட்டமோ மெல்லும் புகையிலைக்குப் பேர்போனது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதன் வணிகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகமாகவே வைத்திருந்தது.

அந்த ஏகபோகம் ஆவணங்களில் இருக்கிறது. உழைப்பு? புகையிலை கிணற்றுப் பாசனப் பயிர், உப்புத் தண்ணீரிலும் வரும். கவலை இறைக்கும் தோல்பறியைத் தைத்தவர்கள் மாதாரிகள், அதாவது நம் அருந்ததியர். பண்ணையாளாக மாடு ஓட்டியதும் பெரும்பாலும் அவர்களே. நுனிக்கொழுந்தைக் கிள்ளி, பக்கக் கிளைகளை ஒடித்தால்தான் இலை தடிக்கும். ஈர இலையைத் தொட்டால் நிக்கோடின் தோல்வழியே ஏறும். தலைசுற்றும், வாந்தி வரும். மருத்துவ ஏடுகள் இதை ஒரு நோயாகப் பதிந்தது 1970இல்தான், அதுவும் புளோரிடாத் தொழிலாளர்களைப் பார்த்து.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பாட்டிகளிடம் கேட்டு எழுதுங்கள்: யார் காட்டில், என்ன கூலிக்கு, கை கழுவத் தண்ணீர் யார் ஊற்றினார்கள்?